சாவியைக் கொடுத்த பிறகு தொடங்கும் வழக்கு: பழைய கடை உரிமையாளருடனான தகராறை முடிப்பதில் உள்ள சட்டமும் நடைமுறையும்

கடை வாடகைத் தகராறு என்றால், காலி செய்ய மறுக்கும் வாடகைதாரரும் அவரை வெளியேற்ற நீதிமன்றப் படி ஏறும் கட்டிட உரிமையாளரும்தான் பெரும்பாலோர் நினைவுக்கு வருவார்கள். கடை காலியாகி, ஷட்டர் இறக்கப்பட்டு, பெயர்ப்பலகையும் கழற்றப்பட்ட பிறகு தொடங்கும் இன்னொரு வகைத் தகராறு உண்டு. வாடகைதாரர் கடைக்குள் இருக்கும்வரை இருவர் கையிலும் ஒவ்வொரு பிடி இருக்கிறது: உரிமையாளர் கையில் அட்வான்ஸ் தொகை, வாடகைதாரர் கையில் கடையின் சாவி. சாவி கைமாறிய அன்று வாடகைதாரரின் பிடி போய்விடுகிறது. அட்வான்ஸ் மட்டும் உரிமையாளரிடமே தங்கிவிடுகிறது. காலி செய்த பிறகு எழும் வழக்குகளின் கசப்புக்குப் பெரும்பாலும் இந்தச் சமமின்மையே காரணம். இவ்வழக்குகளை முடிப்பதில் தொகையைப் பேசித் தீர்ப்பது பாதி வேலைதான் என்பதையும், மீதிப் பாதி அந்த உடன்பாட்டை எந்த வடிவத்தில், எந்தச் சொற்களில் எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது என்பதையும், தமிழ்நாட்டில் தனியார் கட்டிடங்களுக்குப் பொருந்தும் சட்டத்தை வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. கோயில், வக்ஃபு, மாநகராட்சிக் கடைகளுக்கான விதிகள் வேறு என்பதால் அவை இங்கே பேசப்படவில்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 60,000 ரூபாய். பத்து மாத வாடகை, அதாவது 6,00,000 ரூபாய், அட்வான்ஸ். வாடகைதாரர் காலி செய்கிறார். தன் பாக்கி இரண்டு மாதம்தான் என்றும், 1,20,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 4,80,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். சாவி கைக்கு வரவே நான்கு மாதம் ஆயிற்று என்கிறார் உரிமையாளர்; வாடகையாக 2,40,000, சுவரையும் தரையையும் சீர்செய்ய 1,80,000, மின்கட்டணப் பாக்கி 22,000 என மொத்தம் 4,42,000 ரூபாயைக் கழித்து 1,58,000 ரூபாய் மட்டுமே தர முடியும் என்கிறார். இருவருக்கும் இடையே உள்ள உண்மையான வித்தியாசம் 3,22,000 ரூபாய். நோட்டீஸில் இருவரும் எழுதிக்கொள்ளும் தொகைகள் இதைவிடப் பெரியவையாக இருக்கலாம். ஆனால் சமரசம் பேச உட்காரும் நாளில் மேசைமேல் இருப்பது இந்த 3,22,000 மட்டுமே. இந்த எண்ணை முதலில் கண்டுபிடித்துக்கொள்ளாமல் பேசத் தொடங்குபவர்கள் மானப் பிரச்சினையைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், முதல் காரணம் தேதி. கடையை மூடிய நாளும் சட்டத்தின் கண்ணில் இடத்தை ஒப்படைத்த நாளும் ஒன்றல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், குத்தகை முடிந்ததும் இடத்தை உரிமையாளரின் கைவசத்தில் ஒப்படைப்பதை வாடகைதாரரின் கடமையாக வைக்கிறது. வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பூட்டிய கடையின் சாவியைத் தன்னிடமே வைத்திருப்பவர், அட்வான்ஸ் வரட்டும், பிறகு கொடுக்கிறேன் என்று காத்திருந்தால், அந்தக் காத்திருப்புக்கும் வாடகை ஓடுகிறது என்று உரிமையாளர் வாதிட இடம் கிடைக்கிறது. உரிமையாளரே சாவியை வாங்க மறுப்பதும் நடக்கிறது. அப்போது பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, ஒப்படைக்கத் தயாராக இருந்த தேதியை எழுத்தில் நிலைநிறுத்துவதுதான் வாடகைதாரருக்கு உள்ள பாதுகாப்பு. சாவியைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டிருந்தால் மேற்சொன்ன கணக்கில் 1,20,000 ரூபாய்த் தகராறு எழுந்தே இருக்காது.

இரண்டாவது காரணம் சேதம். அதே சட்டத்தின் 108-ஆவது பிரிவு, நியாயமான தேய்மானம் நீங்கலாக, பெற்றபோது இருந்த நல்ல நிலையில் இடத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. எட்டு ஆண்டு ஜவுளிக் கடை நடந்த இடத்தில் மங்கிப்போன சுண்ணாம்பும் தேய்ந்த தரையும் தேய்மானம். பலகை அடிக்கச் சுவரில் போட்ட பெரிய துளைகளும் உடைத்து அகலப்படுத்திய வாசலும் அப்படியல்ல. வாடகைதாரர் பொருத்தியவற்றைக் கழற்றிச் செல்லும் உரிமையும் அதே பிரிவில் உண்டு. ஆனால் அது இடம் அவர் கைவசம் இருக்கும்வரைதான். சாவியைக் கொடுத்துவிட்டு, பொய்க்கூரையும் குளிர்சாதனக் கருவியும் என்னுடையவை என்று பிறகு கேட்பவரின் நிலை பலவீனமானது. சமரசத்தில் இவற்றுக்கும் ஒரு விலை போட்டுக் கணக்கில் சேர்ப்பதுதான் வழக்கம். விட்டுச் சென்ற பொருத்துதல்கள் அடுத்த வாடகைதாரருக்குப் பயன்படும் என்றால், சேதக் கணக்கைக் குறைக்க அது நல்ல பேரப்பொருள்.

அட்வான்ஸ் பற்றிய சட்டமும் இடையில் மாறியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதைத் தடுத்தது. நடைமுறையில் பத்து மாத அட்வான்ஸ் சர்வசாதாரணமாக இருந்தது. அச்சட்டத்தை நீக்கி, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை, அதாவது அட்வான்ஸ், வாங்கக் கூடாது என்கிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது என்ற சொற்கள் உள்ளவரை பத்து மாத வழக்கத்துக்கும் கதவு திறந்தே இருக்கிறது என்பது என் கருத்து. முன்னாள் வாடகைதாரருக்கு முக்கியமான பகுதி அடுத்தது: காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரரின் பொறுப்பில் உள்ளவற்றைக் கழித்துக்கொண்டு, பிணைத்தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று அச்சட்டம் நாள் குறிக்கிறது. ஆகவே கழிக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை.

காலவரையறையை இரு தரப்பும் மறந்துவிடுகிறார்கள். வாடகைப் பாக்கிக்கு வழக்குப் போட, ஒவ்வொரு மாத வாடகையும் செலுத்த வேண்டியதாகிய நாளிலிருந்து மூன்று ஆண்டு. அட்வான்ஸைத் திரும்பக் கேட்கவும், அது தர வேண்டியதாகிய நாளிலிருந்து மூன்று ஆண்டுதான். நாளை தருகிறேன், ஆடி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று வாய்மொழியாக ஓடும் தவணைகள் இந்தக் கடிகாரத்தை நிறுத்துவதில்லை; அந்த மூன்று ஆண்டுக்குள் எழுத்தில் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால்தான் புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். இங்கும் சமமின்மை உண்டு. காலம் கடந்தால் நீதிமன்ற வழிதான் அடைபடுகிறது, கடன் அழிந்துபோவதில்லை. அதனால் கையில் பணத்தை வைத்திருப்பவருக்குத் தன் பழைய பாக்கியை அதில் கழிக்கும் வாதம் மிஞ்சுகிறது, பணத்தைக் கேட்டு நிற்பவருக்கு அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை.

சமரசக் கடிதம் எழுதும்போதும் இதே ஒப்புதல் பற்றிய அச்சம் இரு தரப்பையும் தடுக்கிறது. இரண்டரை லட்சம் தருகிறேன் என்று எழுதினால், பேச்சு முறிந்தபின் அதையே நீதிமன்றத்தில் காட்டிவிட மாட்டார்களா? உரிமைகளுக்குப் பாதகமின்றி என்ற சொற்றொடர் சமரசக் கடிதங்களின் தலையில் எழுதப்படுவது இதற்காகத்தான். சாட்சியமாக்கக் கூடாது என்ற வெளிப்படையான நிபந்தனையோடு உரிமையியல் வழக்கில் செய்யப்பட்ட ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்பதில்லை என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமும் அதைத் தொடர்கிறது. வெறும் கணக்குக் கடிதத்தில் இச்சொற்றொடரைப் போடுவதால் பயன் இல்லை. கடிதம் உண்மையிலேயே சமரசப் பேச்சாக இருக்க வேண்டும்.

இனி, எனக்கு இவ்விஷயத்தில் மிகச் சுவையாகத் தோன்றும் இடம். பெரிய கடனுக்குச் சிறிய தொகையைப் பெற்றுக்கொண்டு தீர்ந்தது என்றால், அது உண்மையில் தீர்கிறதா? ஆங்கிலேயப் பொதுச் சட்டம் 1602 முதலே பொதுவாக இல்லை என்றுதான் சொல்லிவந்தது. மீதியை விட்டுக்கொடுத்ததற்குக் கைம்மாறு எதுவும் இல்லை என்பது அதன் காரணம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வேண்டுமென்றே வேறு வழியில் சென்றது. அதன் 63-ஆவது பிரிவின்படி, வாக்குறுதியைப் பெற்றவர் அதை முழுதாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம். 5,000 ரூபாய்க் கடனுக்கு முழுத் தீர்வாக 2,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டால் மொத்தக் கடனும் தீர்ந்தது என்ற எடுத்துக்காட்டைச் சட்டமே தருகிறது. நம் நாட்டில் கடைத்தெரு சமரசங்கள் நிற்பது இந்தப் பிரிவின் மேல்தான்.

அதே பிரிவின் நிழலில் ஒரு பொறியும் உண்டு. மேற்சொன்ன கணக்கில், உரிமையாளர் 1,58,000 ரூபாய்க்கு ஒரு காசோலையை, இது முழு மற்றும் இறுதித் தீர்வு, ஏற்காவிட்டால் திருப்பி அனுப்பவும் என்ற கடிதத்தோடு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வருவதை எடுத்துக்கொள்வோம், மீதியைப் பிறகு பார்ப்போம் என்று அதை வங்கியில் போடுவது இயல்பான ஆசை. ஆனால் இப்படிப்பட்ட நிபந்தனையோடு வந்த காசோலையை எதிர்ப்புத் தெரிவிக்காமல் பணமாக்கினால், அச்செயலே சம்மதம் ஆகிவிடும் என்றும், பணமாக்கிய பிறகு அனுப்பும் எதிர்ப்புக் கடிதம் காப்பாற்றாது என்றும் 2006-இல் ரயில்வே இழப்பீடு பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே ஏற்க விருப்பமில்லாதவர் முதலில் மறுப்பை எழுதி அனுப்ப வேண்டும், அல்லது காசோலையைத் திருப்பிவிட வேண்டும். மறுபக்கத்தில், பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று நெருக்கி வாங்கிய ரசீதுக்கு இறுதித் தன்மை இல்லை என்பதையும் 2008-இல் அதே நீதிமன்றம் ஒரு காப்பீட்டு வழக்கில் விளக்கியது. ஆனால் அந்த நெருக்கடியை நிரூபிக்கும் சுமை கையெழுத்திட்டவர் தலையில் இருக்கும்.

தொகை ஒத்துப்போயிற்று, 3,30,000 ரூபாய்க்கு இருவரும் இசைந்தார்கள் என்று கொள்வோம். இதை எந்த வடிவத்தில் எழுதுவது? வழக்கு எதுவும் தொடுக்கப்படாத நிலையில் இருவரும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் அது ஓர் ஒப்பந்தம் மட்டுமே. ஒருவர் மீறினால் மற்றவர் அந்த ஒப்பந்தத்தை வைத்துப் புதிய வழக்குத்தான் போட வேண்டும். பணமும் சாவியும் கையெழுத்தும் ஒரே நாளில் கைமாறும் என்றால் இது போதும். தவணை என்றால் போதாது.

வழக்கு நடந்துகொண்டிருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆவது கட்டளை இரண்டு வாசல்களைத் திறக்கிறது. முதலாவது வழக்கை வாபஸ் பெறுவது. பணம் வந்துவிடும் என்ற வாய்மொழி உறுதியை நம்பி, மீண்டும் தொடுக்க அனுமதி கேட்காமல் வாபஸ் பெற்றுவிட்டால், அதே விஷயத்துக்காகத் திரும்ப வழக்குப் போட முடியாது. வந்த காசோலை திரும்பிவிட்டால் நிலைமை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவது, அக்கட்டளையின் 3-ஆவது விதியின் கீழ் சமரச மனுவைத் தாக்கல் செய்து, அதன்படி தீர்ப்பாணை, அதாவது நீதிமன்றத்தின் முறையான முடிவு, பெறுவது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம், இந்த உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று சேர்த்தது. இப்படி இருவர் இசைவின்பேரில் பெற்ற தீர்ப்பாணையை எதிர்த்து மேல்முறையீடு இல்லை. சமரசம் சட்டப்படியானதல்ல என்று தனி வழக்குப் போடவும் 3-ஏ விதி தடை செய்கிறது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்பவர் அதே நீதிமன்றத்துக்குத்தான் திரும்ப வேண்டும். மீறினால் புதிய வழக்குத் தேவையில்லை, தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரும் மனு போதும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு காலம் உண்டு.

மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) மூன்றாவது வடிவம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி அதன் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், இறுதியானது, மேல்முறையீடு அற்றது. வழக்குத் தொடுப்பதற்கு முன்பே தகராறை அங்கே கொண்டுபோகலாம் என்பதுதான் கடைக்காரர்கள் அதிகம் அறியாத வசதி. நேரடி உடன்பாட்டுக்கு இல்லாத வலு அங்கே எட்டிய தீர்வுக்குக் கிடைத்துவிடுகிறது.

நான்காவது, வணிக நீதிமன்றச் சட்டத்தின் வழி. வணிகத்துக்கு மட்டுமே பயன்படும் அசையாச் சொத்து பற்றிய ஒப்பந்தத் தகராறு, மதிப்பு 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், வணிகத் தகராறு ஆகலாம். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்குகளில், தொடுப்பதற்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம் என்று 12-ஏ பிரிவு சொல்கிறது. அதைத் தாண்டி வந்த வழக்குகளை நிராகரிக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மூன்று மாதத்துக்குள், இருவரும் இசைந்தால் மேலும் இரண்டு மாதத்துக்குள், இப்பேச்சு முடிய வேண்டும். இந்தக் காலம் காலவரையறையில் சேராது. இங்கே ஏற்படும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் மதிப்பு உண்டு; அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போலவே அதை நிறைவேற்றலாம். கோரிக்கை வாடகை நீதிமன்றத்துக்கு உரியதா, உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியதா, வணிக நீதிமன்றத்துக்கு உரியதா என்பதே முதல் சண்டையாகிவிடுவதுண்டு. சமரசம் பேசுபவர்களுக்கு இந்தக் குழப்பமே ஒரு தூண்டுகோல்.

நீதிமன்றக் கட்டணத்தையும் பேரத்தில் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கான கட்டணம் 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. 4,80,000 ரூபாய் வழக்குக்கு அது 14,400 ரூபாய். நீதிமன்றம் சமரச மையத்துக்கு அனுப்பித் தீர்ந்தால் இக்கட்டணம் திரும்பக் கிடைக்கும். தாமாகவே வெளியில் பேசித் தீர்த்துக்கொண்டவர்களுக்கும் கிடைக்குமா என்ற கேள்வி, சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகமே மேல்முறையீடு செய்ததால் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கிடைக்கும் என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. நீதிமன்றத்தின் நேரத்தைக் குறைவாக எடுத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் கட்டணத்தை மறுப்பது விந்தையாக இருக்கும் என்பது வெளிப்படை. அந்தத் தொகை யாருக்குப் போகும் என்பதைச் சமரச மனுவில் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

அடுத்து, கையெழுத்து. வாடகைதாரர் கூட்டாண்மை நிறுவனம் என்றால், ஒரு கூட்டாளி மட்டும் கையெழுத்திட்டுச் சமரசம் செய்யும் உள்ளார்ந்த அதிகாரம் அவருக்கு இல்லை. நிறுவனத்தின் கோரிக்கையை விட்டுக்கொடுப்பதும் வழக்கை வாபஸ் பெறுவதும் அவ்வதிகாரத்துக்கு வெளியே என்று 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், 19-ஆவது பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது. உரிமையாளர் பக்கத்தில் இதைவிடச் சிக்கல் வரும். வாடகைக்கு விட்டவர் காலமாகி, வாடகையை மூத்த மகன் வாங்கிவந்திருப்பார். சமரசத்திலும் அவரே உட்கார்ந்திருப்பார். சகோதரிகளின் கையெழுத்து இல்லாமல் முடித்துக்கொண்டால், அவர்கள் பங்கு வாடகைப் பாக்கிக்கு வேறொரு நோட்டீஸ் வரும் வாய்ப்பு அப்படியே இருக்கிறது.

சொற்களிலும் கவனம் வேண்டும். எல்லாத் தகராறும் தீர்ந்தது என்ற வரி போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எந்தக் கடை, எந்த ஒப்பந்தம், எந்தத் தேதிவரை, வாடகை, பராமரிப்பு, மின்சாரம், சேதம், வட்டி எல்லாம் அடங்குமா என்று பெயர் சொல்லி எழுதுவதே பாதுகாப்பு. தவணை தவறினால் என்ன என்ற விதியை எழுதும் முறையும் முக்கியம். கடன் 3,30,000 ரூபாய்தான் என்று எழுதிவிட்டு, தவறினால் 4,80,000 என்றால் அது தண்டத்தொகை போலத் தெரியும். தண்டத்தொகையை அப்படியே தராமல் நியாயமான இழப்பீட்டை மட்டும் தரச் சொல்லும் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு குறுக்கே வரும். 4,80,000 ரூபாய் கடன் என்று உரிமையாளர் ஒப்புக்கொண்டு, குறித்த நாளில் 3,30,000 கட்டினால் மீதி தள்ளுபடி என்று எழுதினால் அது சலுகை. சலுகைக்கான நிபந்தனையை மீறியவருக்கு நீதிமன்றம் இரங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாடகைதாரர் பக்கத்து வழக்கறிஞர் இரண்டாவது வடிவத்தைக் கேட்பதும், உரிமையாளர் பக்கம் முதலாவதைக் கேட்பதும் இதனால்தான்.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஒரு புதுச் சண்டையும் சேர்ந்திருக்கிறது. வாடகைப் பாக்கி என்று கழிக்கும் தொகைக்கு 18 சதவீத வரி உண்டு. ஒப்பந்த மீறலுக்கும் சேதத்துக்குமான வெறும் இழப்பீடு அப்படிப்பட்டதல்ல என்று 2022 ஆகஸ்டு சுற்றறிக்கை விளக்கியது. ஆகவே ஒட்டுமொத்தமாக ஒரு தொகையை எழுதிவிட்டு, அது வரி உட்பட்டதா வரி நீங்கலா என்று சொல்லாமல் விட்டால், தீர்ந்த வழக்கு அதன் 18 சதவீதத்துக்காக மீண்டும் எழும். தொகையை வாடகை, சேதம், மின்சாரம் என்று பிரித்துக் காட்டுவதே வழி.

பக்கத்தில் குற்ற வழக்கு ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்தே முடிக்க வேண்டும். வாடகைக் காசோலை பணமில்லாமல் திரும்பியதற்காக மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின் கீழ் தொடுத்த வழக்கு சமரசத்துக்கு உரியது. அப்படிச் சமரசம் எழுதிக்கொண்டபின், பழைய காசோலை வழக்கையும் சமரசத்தில் தந்த புதிய காசோலை வழக்கையும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. பூட்டை உடைத்தார், மின்சாரத்தைத் துண்டித்தார் என்று காவல் நிலையத்தில் தந்த புகார் முதல் தகவல் அறிக்கையாகிவிட்டிருந்தால், புகார்தாரர் எழுதிக்கொடுப்பதால் மட்டும் அது தானாக மறையாது. குற்றப் பிரிவைப் பொறுத்து விசாரணை நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ முடிக்க வேண்டும். அதற்கு ஒத்துழைப்பதாக ஒரு வரி சமரசத்தில் இருக்க வேண்டும்.

பணம் கைமாறும் நாளில் கூடவே கைமாற வேண்டியவை சில உண்டு. வாடகைதாரர் தன் ஜி.எஸ்.டி. பதிவிலிருந்தும் உணவு உரிமத்திலிருந்தும் தொழில் உரிமத்திலிருந்தும் அந்த முகவரியை நீக்கித் தர வேண்டும்; பழைய பெயர் அந்த முகவரியில் இருக்கும்வரை புதிய வாடகைதாரருக்குத் தொல்லை. மின் இணைப்பு வாடகைதாரர் பெயரில் இருந்தால் அதன் வைப்புத்தொகை யாருக்கு என்பதும் அன்றே முடிவாக வேண்டும். உரிமையாளர் பக்கத்திலிருந்து அசல் வாடகை ஒப்பந்தம் ரத்து என்று குறிக்கப்பட்டுத் திரும்ப வேண்டும். அதோடு, கடை எடுத்த நாளில் பாதுகாப்புக்காகத் தொகையும் தேதியும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தந்த காசோலைகளும், அவற்றின் எண்களைச் சமரசப் பத்திரத்தில் குறித்து, ஒவ்வொன்றாக எண்ணித் திரும்ப வேண்டும்.